மலைப் பனி உருகும்போது ஆறு எவ்வளவு உயரும்? வெள்ள வாய்ப்பைக் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலையில் இந்த முறை பனி கொட்டித் தீர்த்துவிட்டது என்ற செய்தி வந்தாலே, ‘அப்போ வெள்ளம் வருமா?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் பனியின் அளவை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அடுத்தடுத்த இரண்டு வருடங்களைப் பாருங்கள். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மலைகளில் இருந்த பனி, அந்தத் தேதிக்கான சராசரியில் 237 சதவீதம். எல்லோரும் பயந்துதான் இருந்தார்கள். தெற்கே, வற்றிப் பல காலமாக விளைநிலமாகிவிட்டிருந்த துலாரே ஏரி மறுபடி நிரம்பிப் பயிர்களை மூழ்கடித்தது. ஆனாலும் அந்த வசந்தம் குளிர்ச்சியாகவே நகர்ந்ததால் பனி நிதானமாக உருகியது. பல ஆறுகளில் பயந்த அளவுக்கு வெள்ளம் வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஆற்றில் நடந்தது வேறு. குளிர்காலப் பனி ஒன்றும் சாதனை அளவு இல்லை. குளிரான வசந்தம் அந்தப் பனியை ஜூன் வரை காத்து வைத்தது. 2022 ஜூன் 12, 13 தேதிகளில் வெதுவெதுப்பான கனமழை அதன் மேல் இறங்கியது. ஆற்றின் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் கார்வின் ஸ்பிரிங்ஸ் அளவிடத்தில் ஆறு 13.88 அடியைத் தொட்டது. அதற்கு முன் அங்கே பதிவான உச்சம் 1918இல் வந்த 11.5 அடி. சாலைகள் அடித்துச் செல்லப்பட்டன, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் எல்லா நுழைவாயில்களையும் மூட வேண்டி வந்தது.

மேலே எவ்வளவு நீர் காத்திருக்கிறது என்பதைத்தான் பனியின் அளவு சொல்லும். அது எத்தனை நாளில் இறங்குகிறது என்பதுதான் வெள்ளமா இல்லையா என்று முடிவு செய்யும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டாவது கேள்வியைத்தான் துரத்துகிறது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், எந்த மலை ஆற்றுக்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

படி 1: மலையை உயர வாரியாகப் பிரியுங்கள்

முதலில் உங்கள் ஆற்றுக்கு நீர் தரும் பகுதி எது என்று வரைபடத்தில் எல்லை போடுங்கள். ஆற்றில் நீங்கள் கவலைப்படும் இடத்திலிருந்து தொடங்கி, இருபுறமும் முகடுகளின் வழியே ஏறிப்போய்ச் சேரும் கோடுதான் எல்லை. அதற்குள் விழும் பனி மட்டும்தான் உங்கள் கணக்கு.

அப்புறம் அந்தப் பரப்பை 300 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை சதுர கிலோமீட்டர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் தரும் உயரத் தரவுகள் இணையத்தில் இலவசம். ஒரு மாலை நேர வேலைதான் இது, ஆனால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது.

காரணம் எளிது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிமுதல் உச்சிவரை பரப்பு சீராகப் பரவியிருக்கும் மலையில், கீழ்ப்பட்டை முதலில் உருகத் தொடங்கும், மேல்பட்டை அதற்குப் பிறகுதான் தொடங்கும். நீர் வரிசையாக, தவணை முறையில் இறங்கும். அதற்கு மாறாக, பரப்பில் பெரும்பகுதி ஒரே உயரத்தில் அகன்ற மேட்டுநிலமாகக் கிடந்தால், வெப்பம் அந்த உயரத்தைத் தொடும் நாளில் எல்லாம் ஒரே நேரத்தில் உருகத் தொடங்கிவிடும். பனியின் அளவு சமமாக இருந்தாலும் இரண்டாவது மலையின் ஆறு ஆபத்தானது.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள மலைகளில் தெற்குச் சரிவு முன்னதாகவும், வடக்குச் சரிவு வாரக்கணக்கில் தாமதமாகவும் உருகும்.

படி 2: பனியை நீராக அளங்கள்

‘மூன்று மீட்டர் பனி’ என்று யாராவது சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. புதிதாக விழுந்த பஞ்சுப்பனியில் கன அளவில் 5 முதல் 10 சதவீதம்தான் நீர். வாரங்கள் போகப்போக அது அமுங்கி 20, 30 சதவீதமாகிறது. வசந்தத்தில் உருகத் தயாராகும்போது 40 முதல் 50 சதவீதம் வரை ஏறுகிறது. அதனால் நமக்கு வேண்டியது ஆழம் அல்ல; நின்ற இடத்திலேயே மொத்தப் பனியும் உருகினால் எத்தனை மில்லிமீட்டர் நீர் நிற்கும் என்ற கணக்கு. இதைப் பனியின் நீரளவு என்று வைத்துக்கொள்வோம்.

இதை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் இலக்கியம் கற்பித்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் ஏறிப் பனியை எடை போடத் தொடங்கினார். அவர் உருவாக்கிய குழாய் அந்த மலையின் பெயராலேயே வழங்குகிறது. அதன் வழியில் வந்த குழாய்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. நுனியில் பற்கள் கொண்ட, நீண்ட உலோகக் குழாய் அது. அதைத் தரை தட்டும்வரை பனிக்குள் திருகி இறக்கி, உள்ளே சிக்கிய பனித்தண்டோடு தூக்கி, தராசில் மாட்டுவார்கள். வாயின் உள்விட்டம் 1.485 அங்குலம். அந்த விசித்திரமான எண்ணில்தான் சூட்சுமம்: அந்த விட்டத்துக்கு ஓர் அவுன்ஸ் எடை என்றால் சரியாக ஓர் அங்குலம் நீர். தராசைப் பார்த்தாலே விடை, கணக்கே வேண்டாம்.

மெட்ரிக் முறையில் செய்வதும் கடினமல்ல. வாய்ப்பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் உள்ள குழாயில் 150 செ.மீ. ஆழப் பனி 3 கிலோ எடை காட்டினால், 3,000ஐ 50ஆல் வகுக்க 60 செ.மீ., அதாவது 600 மி.மீ. நீர். அடர்த்தி 40 சதவீதம். குழாயின் நுனியில் கொஞ்சம் மண் ஒட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் தரை வரை போனது உறுதி. எடை போடும் முன் அந்த மண்ணைத் தட்டிவிடுங்கள். காற்று பனியை ஓரிடத்தில் குவித்து, இன்னோர் இடத்தில் வழித்துவிடும் என்பதால் ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல், ஒரே பாதையில் இடைவெளி விட்டுப் பல இடங்களில் எடுத்துச் சராசரி காணுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில் அளப்பது முக்கியம்.

எல்லோரும் மலை ஏற வேண்டியதில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ‘ஸ்னோடெல்’ என்ற தானியங்கி நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. திரவம் நிரப்பிய அகலமான பை ஒன்று தரையில் கிடக்கும். மேலே சேரும் பனியின் பாரத்தை அது நீரளவாக மாற்றித் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வேறு பல மலை நாடுகளிலும் இதுபோன்ற நிலையங்கள் உண்டு. 2013 முதல் நாசா விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சிப் பனி ஆழத்தை மலை முழுவதும் அளக்கும் முறையையும் செயல்படுத்திக் காட்டியது. செயற்கைக்கோள் படங்களோ பனி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அழகாகக் காட்டும். எவ்வளவு நீர் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்தால் கணக்கு தடம் மாறிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தானியங்கி நிலையங்கள் பெரும்பாலும் நடுத்தர உயரத்தில், மரங்களுக்கு நடுவே சமதளத்தில் இருக்கும். நிலையம் ‘பனி முடிந்தது’ என்று பூஜ்யம் காட்டும் நாளில் அதற்கு மேலே உள்ள உச்சிப் பட்டைகளில் ஏராளமாகப் பனி மிச்சம் இருக்கலாம். படி 1இல் போட்ட பட்டைக் கணக்கில் நிலையத்தின் உயரத்தையும் குறித்து வையுங்கள். அதற்கு மேலே எத்தனை சதுர கிலோமீட்டர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்பது அப்போது புரியும்.

படி 3: சதவீதத்தைக் கண்டு மிரளாதீர்கள்

பனி நிலவர அறிக்கைகள் எல்லாம் ‘இயல்பில் இத்தனை சதவீதம்’ என்றே பேசும். உச்சப் பனிக்காலத்தில், அதாவது அமெரிக்க மேற்கில் ஏப்ரல் 1ஐ ஒட்டி, அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஜூனில் அதே எண் ஆளை ஏமாற்றிவிடும். இயல்பாக 20 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டிய நாளில் 80 மி.மீ. இருந்தால் அறிக்கை ‘400 சதவீதம்’ என்று அலறும். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் இருப்பதென்னவோ 80 மி.மீ. தான். பருவம் முன்னேற முன்னேறச் சதவீதத்தை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

படி 4: பனி பக்குவமாகிவிட்டதா?

குளிர்காலப் பனி உடனே நீர் தராது. மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் பனிப்போர்வை முழுவதும் 0 டிகிரிக்கு வர வேண்டும். பிறகு மேலே உருகும் நீர் பனிமணிகளின் இடுக்குகளில் தங்கும். எடையில் சில சதவீதம் வரை பனி அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவும் நிரம்பிய பிறகுதான் உருகும் ஒவ்வொரு துளியும் கீழே இறங்கும்.

சோதிப்பது எளிது. தரை வரை குழி வெட்டி, நிழல் பக்கச் சுவரில் 10 செ.மீ.க்கு ஒருமுறை வெப்பமானியைச் செருகுங்கள். மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் 0 காட்டினால் முதல் கட்டம் முடிந்தது. அப்புறம் கையுறையோடு ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். மணிகள் பெரிதாகி, விரல் இடுக்கில் நீர் கசிந்தால் பனி பக்குவமாகிவிட்டது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. ‘பனி இன்னும் குளிராகத்தானே இருக்கிறது, நிறைய நேரம் இருக்கிறது’ என்பார்கள். கணக்குப் போட்டால் உண்மை தெரியும். 400 மி.மீ. நீரளவுள்ள பனிப்போர்வை சராசரியாக மைனஸ் 5 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0 டிகிரிக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம், வெறும் 12, 13 மி.மீ. பனியை உருக்க ஆகும் வெப்பத்துக்குச் சமம். வெயில் காயும் வசந்த நாட்களில் அது பெரிய தடையே இல்லை. உண்மையான தடுப்பு இரவுக்குளிர்தான். இரவில் மேற்பரப்பு மறுபடி உறைந்தால் அடுத்த நாள் காலை முழுவதும் அதை இளக்குவதிலேயே போய்விடும். ஆகவே பகல் உச்ச வெப்பத்தைவிட, மேல்பட்டைகளில் இரவு வெப்பநிலை 0க்குக் கீழே போகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். இரவு உறைவது நின்றுவிட்டால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

படி 5: உருக்கும் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதைக் கொடுப்பவர்களில் முதலாவது வெயில். புதுப்பனி வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய, அழுக்கான பனி பாதியைத்தான் திருப்பும். 15 சதவீதம் உள்வாங்கிய பனி 50 சதவீதம் உள்வாங்கத் தொடங்கினால் அது மூன்று மடங்குக்கும் மேல். கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில், பாலைவனத்திலிருந்து காற்று அள்ளிவரும் செம்மண் தூசி படிந்த வருடங்களில் பனி வாரக்கணக்கில் முன்னதாகவே உருகித் தீர்ந்துவிடுகிறது. அதனால் பனியின் நிறத்தைக் கவனியுங்கள். வசந்தத்தின் நடுவே புதுப்பனி கொஞ்சம் விழுந்தால் தூசி மறைந்து உருகல் சில நாள் தள்ளிப்போகும். அந்தப் புதுப்பனி கரைந்ததும் பழைய தூசி மறுபடி வெளிப்பட்டு வேலையைத் தொடரும்.

அடுத்தது மழை. இதில்தான் பெரிய தவறான எண்ணம் நிலவுகிறது. சூடான மழை பனியைக் கரைத்துவிடும் என்று சொல்வார்கள். 10 டிகிரி வெப்பமுள்ள மழை 50 மி.மீ. பெய்தாலும் தன் சூட்டால் அது உருக்கும் பனி 6 மி.மீ. சொச்சம்தான். அப்படியானால் பனிமேல் மழை ஏன் இவ்வளவு ஆபத்தாகிறது?

விடை, மழையோடு வரும் ஈரக்காற்றில் இருக்கிறது. குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஈரப்பதம் நிறைந்த வெதுவெதுப்பான காற்று பனியைத் தொடும்போது நீராவி அதன் மேல் நீராகப் படிகிறது. அப்படி 1 மி.மீ. நீர் படிந்தால் வெளியாகும் வெப்பம் சுமார் 7.5 மி.மீ. பனியை உருக்கும். காற்று வேகமாக வீசினால் புதுப்புது ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். மேகம் மூடியிருப்பதால் இரவிலும் பனி உறையாது. வெயில் மாலையில் ஓய்ந்துவிடும், இது இரவு பகல் பாராமல் உருக்கும். இதற்கு மேல், ஏற்கெனவே பக்குவமான பனி மழை நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் அப்படியே கீழே விட்டுவிடும். வழக்கமாகப் பனியாக விழும் உயரத்திலும் மழையாகவே விழுவதால் நீர் தரும் பரப்பும் விரிந்துவிடுகிறது.

ஆகவே வானிலை அறிக்கையில் மழை அளவோடு இன்னும் மூன்றைப் பாருங்கள்: உறைநிலை (காற்றின் வெப்பநிலை 0 டிகிரியாகும் உயரம்) எத்தனை மீட்டரில் இருக்கிறது, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம். உறைநிலை உங்கள் உச்சிப் பட்டைக்கும் மேலே போய், காற்றும் மழையும் சேர்ந்து வருகிறது என்றால் மற்றக் கணக்குகளை ஓரம் வைத்துவிட்டு அதையே கவனியுங்கள். 2013 ஜூனில் கனடாவின் கால்கரி நகரை மூழ்கடித்த வெள்ளத்துக்கு, ராக்கி மலைகளில் மிச்சமிருந்த பனிமேல் கொட்டிய கனமழை முக்கியக் காரணம்.

இமயமலை ஆறுகளில் இந்த ஆபத்து இன்னொரு வடிவில் வருகிறது. மேற்கு இமயத்தில் குளிர்காலத்தில் சேரும் பனி உருகி முடியும் முன்பே பருவமழை வந்து சேர்ந்துவிடும். 2013 ஜூன் நடுவில் கேதார்நாத்தில் நடந்த பேரழிவில் பருவமழை முன்னதாகவே வந்தது, மலையில் பனி மிச்சம் இருந்தது, இரண்டும் நிரப்பிய சோராபாரி ஏரி ஜூன் 17 காலை உடைத்துக்கொண்டது. ஏரி உடைப்பும், நிலச்சரிவு ஆற்றை மறித்துப் பிறகு விடுவதும் இந்த வழிகாட்டியின் கணக்குக்குள் அடங்காதவை. உங்கள் ஆற்றின் தலைப்பகுதியில் பனிப்பாறை ஏரிகள் இருந்தால் அதைத் தனியாக விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மண் எவ்வளவு குடிக்கும்?

உருகும் நீர் எல்லாம் ஆற்றுக்கு வருவதில்லை. முந்தைய கோடையும் இலையுதிர்காலமும் வறண்டிருந்தால் மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். 2021இல் கொலராடோ ஆற்றின் மேல்பகுதியில் பனி இயல்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை, அந்த ஆற்றில் கிளென் கேன்யன் அணை தேக்கி வைத்திருக்கும் பவல் ஏரிக்கு வந்த நீர், இயல்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வறண்ட மண் அதற்கு முக்கியக் காரணம். மாறாக, இலையுதிர்கால மழையில் மண் நனைந்து, அப்படியே உறைந்து, அதன்மேல் பனி விழுந்திருந்தால் வசந்தத்தில் நீர் உள்ளே இறங்க இடமே இருக்காது. காட்டுத்தீயில் எரிந்த சரிவுகளும் அப்படித்தான். நிழல் போய்விடும், கரி விழுந்து பனி கறுக்கும், மண் நீரை ஏற்காது.

படி 7: இப்போது கணக்கு

ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 0க்கு மேல் எத்தனை டிகிரியோ, ஒவ்வொரு டிகிரிக்கும் பொதுவாக 2 முதல் 6 மி.மீ. வரை பனி உருகும். புதுப்பனிக்கும் அடர்ந்த காட்டுக்கும் குறைவான எண்; பழைய பனிக்கும் திறந்த வெளிக்கும் கூடுதலான எண். நாம் 4 என்று எடுத்துக்கொள்வோம்.

உங்கள் ஆற்றின் ஒரு பட்டையில் 300 சதுர கி.மீ. பக்குவமான பனி இருக்கிறது. அங்கே நாள் சராசரி 5 டிகிரி. உருகுவது 20 மி.மீ. அதை 300 சதுர கி.மீ.யால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 60 லட்சம் கன மீட்டர். ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்தால் வினாடிக்கு 69 கன மீட்டர். அதில் 70 சதவீதம் ஆற்றுக்கு வருகிறது என்றால் சுமார் 49 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 1,700 கன அடி.

இப்போது வெப்ப அலை வருகிறது, 6 டிகிரி கூடுகிறது. கீழ்ப்பட்டை 11 டிகிரிக்குப் போகிறது, உருகுவது 44 மி.மீ. அதோடு நிற்கவில்லை. சுமார் 900 மீட்டர் மேலே இதுவரை உறைந்து கிடந்த இன்னொரு 300 சதுர கி.மீ. இப்போது 5 டிகிரிக்கு வந்து 20 மி.மீ. தரத் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து நாளைக்கு 192 லட்சம் கன மீட்டர். அதே 70 சதவீதக் கணக்கில் வினாடிக்கு 155 கன மீட்டருக்கும் மேல், ஏறக்குறைய 5,500 கன அடி. வெப்பநிலை 6 டிகிரிதான் கூடியது. நீர்வரத்து மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. ஏனென்றால் வேகமும் கூடுகிறது, பரப்பும் கூடுகிறது.

இதன்மேல் அந்த 600 சதுர கி.மீ.யில் ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால் கூடும் நீர் 300 லட்சம் கன மீட்டர். வெப்ப அலையில் உருகியதைவிட இது அதிகம். பனி உருகல் ஆற்றைக் கரை விளிம்பு வரை கொண்டுவந்து நிறுத்தும். பல நேரங்களில் அதைத் தாண்ட வைப்பது மழைதான்.

ஆற்றுக்கு வரும் பங்கு 70 சதவீதமா 40 சதவீதமா என்பது மண்ணைப் பொறுத்தது. மண் வறண்டிருந்தால் 40, 50 என்று தொடங்குவேன்; ஈரமாக இருந்தால் 70, 80. பட்டையில் மீதமிருக்கும் நீரளவையும் நாள்தோறும் கழித்துக்கொண்டே வாருங்கள். 100 மி.மீ. மட்டுமே மிச்சமுள்ள பட்டை நாளைக்கு 44 மி.மீ. வீதம் உருகினால் மூன்றாம் நாள் அங்கே பனியே இருக்காது.

படி 8: ஆற்றின் மணிவாரி வரைபடத்தைப் படியுங்கள்

கணக்கு சரியா என்று ஆறே சொல்லிவிடும். பெரும்பாலான நாடுகளில் முக்கிய அளவிடங்களின் நீர்மட்டம் மணிக்கொருமுறை அல்லது அதற்கும் அடிக்கடி இணையத்தில் வெளியாகிறது. பனி உருகும் பருவத்தில் அந்த வரைபடம் தினமும் ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமுமாகச் சீராக ஆடும். மதியம் உருகும் நீர் தலைப்பகுதி ஓடைகளில் மாலைக்குள் உச்சம் காட்டும். இறங்கி வர வர நேரம் தள்ளிப்போகும். அடிவாரத்தில் நள்ளிரவுக்கோ விடியற்காலைக்கோ உச்சம் வருவது சகஜம். இரவில் மழையே இல்லாமல் ஆறு ஏறுகிறதே என்று குழம்ப வேண்டாம், அது நேற்று மதிய வெயில்.

எல்லோரும் அந்த அலையின் உச்சியைப் பார்ப்பார்கள். நீங்கள் அடியைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஆறு எந்த அளவுக்கு இறங்குகிறதோ அந்தத் தாழ்நிலை முக்கியம். உச்சம் ஏறினாலும் தாழ்நிலை மாறாமல் இருந்தால் ஆறு அன்றன்று வருவதை அன்றன்றே வடித்துவிடுகிறது. தாழ்நிலையே மூன்று நாட்களாகத் தொடர்ந்து ஏறுகிறது என்றால், மேலே இரவு உறைவது நின்றுவிட்டது, மண் நிறைந்துவிட்டது, நீர் சேர்ந்துகொண்டே போகிறது. அந்த நிலையில் வரும் மழையோ வெப்ப அலையோதான் கரையை உடைக்கும்.

வினாடிக்கு இத்தனை கன அடி என்ற எண்ணை நீர்மட்டமாக மாற்ற அந்த அளவிடத்துக்கென ஓர் அட்டவணை இருக்கும். கரை நிரம்பும் மட்டம், அபாய மட்டம், பழைய வெள்ளங்களின் உச்சம் மூன்றையும் எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: அணையும் கரையும்

மேலே அணை இருந்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்னும் எவ்வளவு காலியிடம் இருக்கிறது, இனி உருகி வரவேண்டிய நீர் அதற்குள் அடங்குமா? 1983இல் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணை இந்தப் பாடத்தைக் கடினமான முறையில் கற்றது. வசந்தம் தொடங்கும்போதே பவல் ஏரி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. பருவத்தின் கடைசியில் எதிர்பாராத பனி விழுந்தது, பின்னாலேயே வெயிலும் மழையும் சேர்ந்து வந்தன. உபரிநீர்ச் சுரங்கங்களில் நீர் பாய்ந்த வேகத்தில் கான்கிரீட் பெயர்ந்து பாறை குடையப்பட்டது. ஏரி மதகுகளைத் தாண்டி வழியாதிருக்க அவற்றின் மேல் பிளைவுட் பலகைகளை நிறுத்தித் தடுத்தார்கள். அதே வசந்தத்தில் சால்ட் லேக் சிட்டியின் ஸ்டேட் தெருவில் இருபுறமும் மணல்மூட்டை அடுக்கி, உருகுநீரை நகரின் நடுவே ஆறாக ஓடவிட்டார்கள்.

கரைகளைப் பொறுத்தவரை, பனி வெள்ளத்தின் தனிக்குணம் அதன் நீளம். மழை வெள்ளம் பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும். உருகுநீர் வாரக்கணக்கில் கரையின் மேல் சாய்ந்து நிற்கும். மண்கரை உள்ளுக்குள் ஊறி இளகும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆறு இப்படி உயர்ந்து நின்றபோது, கரைகளை நம்பித் தாழ்நிலத்தில் கட்டப்பட்டிருந்த வேன்போர்ட் என்ற நகரம் மே 30 அன்று ஒரே பிற்பகலில் அழிந்தது. அன்று காலை வரை கரை பாதுகாப்பானது என்றே மக்களிடம் சொல்லப்பட்டிருந்தது. கரையின் வெளிப்புற அடியில் கசிவு தெரிந்தால், குறிப்பாக அது கலங்கலாக வந்தால், ஆற்றின் மட்டம் எதுவாக இருந்தாலும் உடனே தகவல் சொல்லுங்கள். நீங்களும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

படி 10: முன்கணிப்பை வைத்து முடிவெடுப்பது

நீரியல் துறைகள் இன்றைய பனி நிலவரத்தை எடுத்து, அதன்மேல் கடந்த பல வருடங்களின் வானிலையை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கின்றன. கிடைப்பது ஒரே விடை அல்ல, ஒரு வரிசை. ‘பாதி வாய்ப்பு’, ‘பத்தில் ஒரு வாய்ப்பு’ என்று அறிக்கையில் வருவது அதிலிருந்துதான். பாசனத்துக்குத் திட்டமிடுபவருக்கு நடு எண் பயன்படும். ஆற்றோரம் வீடு இருப்பவர் பத்தில் ஒரு வாய்ப்பு என்று குறிக்கப்பட்ட மேல் எண்ணைப் பார்த்துத்தான் சாமான்களை மாடிக்கு ஏற்ற வேண்டும். நடு எண் தாண்டப்பட வாய்ப்பு சரிபாதி என்பதை மறக்கக் கூடாது.

உச்சப் பருவத்தில் ஆற்றை நெருங்குபவர்களுக்குச் சில சொற்கள். அந்த நீர் 0 டிகிரிக்குச் சற்று மேலேதான் இருக்கும். விழுந்தால் சில நிமிடங்களிலேயே கைகால் ஒத்துழைக்காது. வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் ஆளைச் சாய்க்கும், 30 செ.மீ. நீர் பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும். மலையில் ஓடையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் கடங்கள். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை, திரும்பி வரும் மாலையில் தொடை அளவாகியிருக்கலாம்.

உச்சம் கடந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

இதற்கு நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. போன வாரம் இதே வெப்பநிலையில் ஆறு எவ்வளவு ஏறியதோ, இந்த வாரம் அதே வெப்பநிலையில் அதைவிடக் குறைவாக ஏறினால், உருகும் பரப்பு சுருங்கத் தொடங்கிவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் பனிக்கோடு எந்தப் பட்டைக்கு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேலே மிஞ்சியிருக்கும் பரப்பை அதிகபட்ச உருகலால் பெருக்கினாலும் கரை நிரம்பும் அளவை எட்டவில்லை என்றால், இனி வெயிலால் வெள்ளம் வராது. மழையை மட்டும் இன்னும் சில வாரம் கவனித்தால் போதும்.

அந்த நிம்மதி வந்ததும் ஒரு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த வருடத்தின் அதிகபட்சப் பனி நீரளவு, இரவு உறைவது நின்ற தேதி, ஆறு உச்சம் தொட்ட தேதி, அன்றைய நீர்மட்டம், அதற்கு முந்தைய ஐந்து நாள் வெப்பநிலை, மழை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். டிகிரிக்கு 4 மி.மீ., ஆற்றுக்கு 70 சதவீதம் என்று நாம் வைத்துக்கொண்ட எண்கள் பொதுவானவை. உங்கள் ஆற்றுக்கு உண்மையில் அவை எவ்வளவு என்பதை, நாலைந்து வருடக் குறிப்பு சேர்ந்ததும் அந்தப் பக்கங்களிலிருந்தே கணக்கிட்டு எடுத்துவிடலாம்.